தாக்கல் செய்யாத கடிதம்

2011 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, மேலூர் சாலையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளைக்கு நான் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். பேருந்து நடத்துநர். இரவு டூட்டி முடிந்த கையோடு வந்திருந்ததால் காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கையில் ஒரு துணிக்கடைப் பை. அதில் எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்து நான்காக மடித்த ஒரு தாள். "மருமக எழுதுனது வக்கீல் சார். நீதிபதி ஐயாகிட்டச் சேத்துரணும்னு சொல்லிவிட்டா" என்றார்.

மருமகள் என்றால் அக்காள் மகள். 16 வயது முடிந்து நான்கு மாதம். பத்தாம் வகுப்புத் தேர்வு நேரத்தில் வலது முழங்காலுக்கு மேலே ஒரு வீக்கம் வந்திருக்கிறது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள். வலி இரவில் கூடக்கூட அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், சதை எடுத்துச் சோதித்ததில் ஆஸ்டியோசர்கோமா என்று தெரிந்தது. வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் முழங்காலை ஒட்டி, எலும்பில் வரும் புற்றுநோய். இரண்டு சுற்று கீமோ கொடுத்த பிறகு மருத்துவர்கள் குடும்பத்தை உட்காரவைத்துச் சொன்னார்கள்: கட்டி பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, காலை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் எடுக்க வழியில்லை, தொடையோடு எடுக்க வேண்டும், நுரையீரலுக்கு இன்னும் பரவவில்லை என்பதால் இப்போதே செய்தாக வேண்டும். அன்று மாலையே அப்பா, மருத்துவர் சொல்லை மீறி என் பொறுப்பில் அழைத்துப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மகளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே ஒரு நாட்டு வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை வேண்டும். பிள்ளைக்கும் வேண்டும். தாய்மாமன் மருத்துவமனைக்குப் போய்க் கேட்டதற்கு, எழுதிக் கொடுத்துக் கூட்டிப்போனவர் அப்பா, அவர் வந்து கையெழுத்துப் போடாமல் நாங்கள் கத்தியைத் தொட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு காலை எடுத்த பிறகு தகப்பன் வந்து வாசலில் நின்று கேட்டால், அங்கே பதில் சொல்லவேண்டியவர் அந்த மருத்துவர் ஒருவர்தான்.

மறுநாள் மாலை மாமன் வீட்டில் அவளைப் பார்த்தேன். கீமோவில் முடி கொட்டிய தலையில் ஒரு பருத்தித் துண்டு. காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டி வைத்திருந்தாள். நான் அம்மாவிடமும் மாமனிடமும் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே வராமல் இருந்துவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டாள். "நான் கையெழுத்துப் போட்டாச் செல்லாதா சார்? என் காலுதானே?"

"செல்லாதும்மா" என்றேன்.

ஒரே வார்த்தையில் சொல்லவேண்டும் என்றால் எந்த வக்கீலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அன்று இரவு புத்தகங்களைப் புரட்டியபோது, அந்த ஒரு வார்த்தைக்கு நேரான ஆதாரம் எங்கேயும் இல்லை என்பதைப் பார்த்தேன். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், ஒருவருடைய நன்மைக்காக, அவர் சம்மதத்தோடு, நல்லெண்ணத்தில் செய்யும் செயல் அவருக்குக் காயம் உண்டாக்கினாலும் குற்றமாகாது என்று 88-ஆம் பிரிவில் சொன்னது. மருத்துவர் கத்தி எடுப்பது இந்தப் பாதுகாப்பில்தான். 12 வயதுக்குக் குறைந்த குழந்தைக்காகக் காப்பாளர் சம்மதிக்கலாம் என்பது அடுத்த பிரிவு. 12 வயதுக்குக் குறைந்தவரின் சம்மதம் சம்மதமாகாது என்பது அதற்கடுத்த பிரிவு. மூன்றையும் சேர்த்துப் படித்தால், 12 வயதைத் தாண்டிய பிள்ளை விவரம் புரிந்து சம்மதித்தால் அதன் பேரில் சிகிச்சை செய்த மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றுதான் பொருள் வருகிறது. 2024 ஜூலையில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே 12 வயதுதான் நிற்கிறது.

அப்படியென்றால் 18 வயது வேண்டும் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது? 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலிருந்து. மேஜர் ஆகாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர், அப்படிச் செய்தாலும் அது தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903-ல் ஒரு வங்காள அடமான வழக்கில் முடிவு செய்தது. நிலத்தையும் கடனையும் மனத்தில் வைத்து, பிள்ளைகளை வட்டிக்காரர்களிடமிருந்து காப்பதற்காகப் போட்ட வேலி அது. சிகிச்சையும் ஒருவகை ஒப்பந்தம்தானே என்று எண்ணிய மருத்துவமனைகள் அந்த வேலியைத் தங்கள் வாசலுக்கும் கொண்டுவந்துவிட்டன. கருக்கலைப்புக்கு மட்டும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயதுக்குட்பட்ட பெண்ணுக்குக் காப்பாளரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மற்றபடி ஒரு கட்டியை எடுக்கவோ ஒரு காலை எடுக்கவோ எந்த வயதில் யார் சம்மதிக்கலாம் என்று சொல்லும் பொதுவான சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. 12-க்கும் 18-க்கும் நடுவே இருக்கும் ஆறு வருடத்தைக் கவுன்டரில் இருக்கிறவரின் பயம்தான் ஆண்டுகொண்டிருக்கிறது.

அவளுக்கு 18 வயதாக இன்னும் 20 மாதம் இருந்தது. மருத்துவர் சொன்ன கணக்கு வாரக்கணக்கு.

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. இந்தப் பிள்ளை எல்லாம் புரிந்துகொண்டிருக்கிறாள், அவள் சம்மதமே போதும் என்று கேட்பது ஒன்று. அம்மாவும் இயற்கைக் காப்பாளர்தான், அவர் கையெழுத்தை மருத்துவமனை ஏற்கவேண்டும் என்று கேட்பது இன்னொன்று. இரண்டாவதற்குச் சாலை போட்டு வைத்திருந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்று சொல்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போய், அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 'பிறகு' என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளில்லை, அவர் பொறுப்பேற்காத நிலையிலும் தாயே காப்பாளர் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. அந்தச் சாலையில் போனால் விரைவாகப் போய்ச் சேரலாம் என்று எனக்குத் தெரிந்தது. அதையே எடுத்தேன்.

பிள்ளையின் கடிதத்தை மனுவோடு வைக்கவில்லை. ஒரு பக்கம், நீல மையில் எழுதியது, இரண்டே அடித்தல்கள். கீமோ வார்டுக்குப் பரிசோதனைக்கு வந்துபோன ஓர் அக்காள் செயற்கைக் கால் போட்டு நடந்ததைத் தான் பார்த்ததையும், அவரிடம் என்னென்ன கேட்டாள் என்பதையும், அப்பா மேல் தனக்குக் கோபமில்லை என்பதையும் எழுதியிருந்தாள். அதைத் தாக்கல் செய்தால் எதிர்த்தரப்பு, மாமன் சொல்லிக் கொடுத்து எழுதவைத்தது என்று சொல்வார்கள், அதற்குப் பதில் சொல்வதில் ஒரு நாள் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். கேஸ் கட்டின் அடியில் அது இருந்துவிட்டது.

18 வயது ஆகாதவர் தாமாக நீதிமன்றத்துக்கு வரமுடியாது. அவருக்காகப் பெரியவர் ஒருவர் பெயரில்தான் வழக்கு நடக்கும். தாய்மாமன் பெயரில் ரிட் மனு போட்டோம். மருத்துவமனை அரசுடையது என்பதால் நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. தனியார் மருத்துவமனையாக இருந்திருந்தால் வேறு வாசல்களில் நின்றிருப்போம். தகப்பன் உயிரோடு இருக்கும்போது மாமன் போடும் மனு எப்படி ஏற்புடையது என்று கேட்டுப் பதிவகம் மனுவைத் திருப்பியது. அந்தக் கேள்வியிலும் தவறில்லை. நாளைக்கு யார் வேண்டுமானாலும் யார் பிள்ளைக்காகவும் வழக்குப் போட்டுக்கொண்டு வந்துவிடக்கூடாது அல்லவா? விளக்கம் எழுதி மறுபடி கொடுத்து, அவசர விசாரணைக்காக லஞ்ச் மோஷன் கேட்டு, மூன்றாம் நாள் மனு நீதிபதி முன்னால் வந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த வழக்கை நியாயமாகச் சொல்ல முடியாது. எதிர் மனுதாரராக அவர் கடைசி பெஞ்சில், மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கு ஏக்கர் மானாவாரி நிலம், மழையில்லாத மாதங்களில் மூட்டை தூக்கும் வேலை. அவருடைய தாயாருக்கு மார்பில் கட்டி வந்து அறுவைச் சிகிச்சை செய்த ஆறாம் மாதம் இறந்துபோயிருக்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று அவர் நம்பியது ஊர்ப்பேச்சைக் கேட்டு மட்டுமல்ல, பெற்ற தாயைப் பார்த்து. ஒற்றைக்காலோடு ஒரு பெண் பிள்ளையை யார் கட்டுவார்கள், நான் போன பிறகு யார் சோறு போடுவார்கள் என்று அவர் கேட்டது கொடுமையினால் அல்ல. அவருக்குத் தெரிந்த உலகத்தில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லை. அவர் வக்கீலும் அதைத்தான் சொன்னார்: இவர் பிள்ளையைக் கைவிட்ட தகப்பன் அல்ல, அக்கறையோடு இருக்கும் தகப்பன், தந்தை பொறுப்பில்லாதவராக இருந்தால்தான் அம்மா காப்பாளர் என்று தீர்ப்புச் சொல்கிறது, இங்கே அந்த நிலை எங்கே வந்தது? சரியான இடத்தில் வைத்த கேள்வி. நான் போட்ட சாலையில் ஒரு பள்ளம் இருந்தது, அவர் அதைப் பார்த்துவிட்டார்.

அப்போதுதான் நீதிபதி என்னைப் பார்த்துக் கேட்டார்: "மைனரின் சம்மதமே போதும் என்று நீங்கள் வாதாடுகிறீர்களா?"

வாதாடுவதற்கு என்னிடம் இருந்தது. இங்கிலாந்தில் விக்டோரியா கில்லிக் என்ற தாயார், 16 வயதுக்குட்பட்ட தன் பெண் பிள்ளைகளுக்குத் தன்னைக் கேட்காமல் மருத்துவர் கருத்தடை ஆலோசனை தரக்கூடாது என்று போட்ட வழக்கில், 1985-ல் பிரபுக்கள் சபை மூவருக்கு இருவர் என்று தீர்ப்பளித்தது: பிள்ளைக்கு விஷயத்தை முழுதாகப் புரிந்துகொள்ளும் அறிவு வரும்போது பெற்றோரின் முடிவெடுக்கும் உரிமை அதற்கு வழிவிடுகிறது. வயது அல்ல, புரிதல்தான் அளவுகோல். நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே 1993-ல், கர்ப்பமான 16 வயது மகளுக்குக் கருக்கலைப்புச் செய்ய உத்தரவிடவேண்டும் என்று தகப்பன் கேட்டபோது, அந்தப் பெண் வேண்டாம் என்கிறாள், அவளை மீறிச் செய்ய முடியாது என்று மறுத்திருக்கிறார்கள். 16 வயதில் ஒருத்தி தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் 'வேண்டாம்' நீதிமன்றத்தின் காதில் விழும் என்றால், இன்னொருத்தி சொல்லும் 'வேண்டும்' ஏன் விழக்கூடாது? 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம்கூட, விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையானால் அதன் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 17-ஆம் பிரிவில் சொல்லி வைத்திருக்கிறது. இவை அத்தனையும் என் குறிப்பு நோட்டில் இருந்தன.

"அந்தக் கேள்விக்குள் போகவேண்டிய தேவை இந்த வழக்கில் இல்லை, மை லார்ட்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை எனக்குள் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியைத் திறந்தால் அரசு வக்கீல் பதில் சொல்ல அவகாசம் கேட்பார், மாநிலம் முழுவதும் உள்ள மருத்துவமனைகளைப் பாதிக்கும் விஷயம் என்பார், டிவிஷன் பெஞ்சுக்கு அனுப்பவேண்டும் என்பார். எனக்கு வேண்டியது ஒரு சட்டக் கோட்பாடு அல்ல, ஒரு அறுவைச் சிகிச்சை. கட்சிக்காரரின் உயிர் இருக்கும் இடத்தில் குறுகிய வழியில் போவதுதான் வக்கீலின் கடமை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த வழக்கில் என் கட்சிக்காரர் யார்? வக்காலத்தில் மாமன் பெயர், வாதத்தில் அம்மாவின் உரிமை. என்னிடம் கேள்வி கேட்டவளோ அவர்கள் இருவரில் ஒருவரும் அல்ல.

நீதிபதி என்னைவிடத் தெளிவாக இருந்தார். மூன்று அரசு மருத்துவர்கள் பிள்ளையைப் பார்த்து இரண்டு நாளில் அறிக்கை தரவேண்டும் என்று உத்தரவிட்டுவிட்டு, அவளைத் தன் சேம்பருக்கு அழைத்து வரச் சொன்னார். அம்மா, மாமன், வக்கீல்கள் எல்லோரும் வெளியே நின்றோம். 25 நிமிடம். உள்ளே என்ன நடந்தது என்பதை அவள் சொல்லித்தான் பின்னால் அறிந்தேன். காலை எடுத்த பிறகு என்ன கஷ்டம் வரும் என்று தெரியுமா என்று கேட்டிருக்கிறார். "வீட்டுக் கக்கூஸ்ல குத்தவச்சு உக்கார முடியாது சார், அதை மொதல்ல மாத்தணும். பஸ்ல படி ஏற முடியாது, பள்ளிக்கூடம் மூணு கிலோமீட்டர், மாமா சைக்கிள்ல கொண்டுவிடுறேன்னு சொல்லியிருக்காங்க. மழை பெஞ்சா வழுக்கும். கல்யாணம் ஆகாதுன்னு அப்பா சொல்றாங்க, அது ஆகாமலும் போகலாம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். ஆபரேஷன் செய்தாலும் திரும்ப வரலாம் என்று டாக்டர் சொன்னதையும் அவளாகவே சொல்லியிருக்கிறாள். நான் எழுதிய 14 பக்க மனுவில் கக்கூஸைப் பற்றி ஒரு வரி இல்லை. அவளுடைய புரிதலைச் சோதிக்க கில்லிக் வழக்கின் அளவுகோலை அப்படியே எடுத்து வைத்திருந்தாலும், அதற்கு மேல் ஒரு சாட்சி கிடைத்திருக்காது.

மனு கொடுத்த 11-ஆம் நாள் உத்தரவு வந்தது. நான்கு பக்கம். பெற்றோருக்குள் கருத்து வேறுபட்டு, பிள்ளையின் உயிர் ஆபத்தில் இருக்கும்போது அதன் நலனே முதன்மை. நீதிமன்றமே பெற்றோர் இடத்தில் நின்று, தாயின் கையெழுத்தை ஏற்றுச் சிகிச்சை செய்ய உத்தரவிடுகிறது. தந்தை இடையூறு செய்யக்கூடாது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: சிறுமியும் இதற்கு உடன்படுகிறார். 25 நிமிடம் உத்தரவில் அந்த ஒரு 'உம்' இடைச்சொல்லாக நின்றது. அதற்கு நான்தான் காரணம். கேட்காததை நீதிமன்றம் தரமுடியாது.

நான்காம் நாள் அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்பா மருத்துவமனைக்கு வந்தார், வெளியிலேயே நின்றார், மூன்றாம் நாள் உள்ளே போனார். மற்றதை நான் விசாரிக்கவில்லை. சில மாதத்தில் செயற்கைக் கால் பொருத்தினார்கள். அந்த நாளில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு இல்லாததால், பள்ளிக்கூடம் பெருந்தன்மையோடு அவளைப் பிளஸ் டூவுக்கு ஏற்றிவிட்டது.

வழக்கு இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

2013 ஜனவரியில் ஒருநாள் அப்பா என் அலுவலகத்துக்கு வந்தார். அதே மஞ்சள் பை. நுரையீரலில் இரண்டு சிறு முடிச்சுகள் தெரிந்திருக்கின்றன. உடனே அறுவைச் சிகிச்சை செய்து எடுத்துவிடலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். பிள்ளை மாட்டேன் என்கிறாள். மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு, எழுதிவிட்டுத்தான் வருவேன் என்கிறாள். "நான் கையெழுத்துப் போடத் தயாரா இருக்கேன் ஐயா. ஒரு தடவை தப்புப் பண்ணிட்டேன். இப்ப டாக்டர் வேணும்ங்கிறாக, நான் வேணும்ங்கிறேன், அவ ஒருத்திதான் வேண்டாம்ங்கிறா. கோர்ட்டுல சொல்லி அவளை அட்மிட் பண்ணவைங்க" என்றார்.

அவர் கேட்டது சட்டப்படி தவறல்ல. அவளுக்கு 18 வயதாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. தந்தை, தாய், மருத்துவர் மூவரும் ஒரு பக்கம் நின்றால் எந்த நீதிமன்றமும் உத்தரவு கொடுத்துவிடும். நான் மேற்கோள் காட்டாமல் விட்ட இங்கிலாந்துச் சட்டமும் அவர் பக்கம்தான். அங்கே 1969-லேயே 16, 17 வயதுப் பிள்ளைகளின் சம்மதம் சிகிச்சைக்குப் போதும் என்று நாடாளுமன்றம் சட்டம் செய்துவிட்டது. ஆனால் 1992-ல், உணவை ஒதுக்கி உடம்பைக் கரைத்துக்கொண்ட 16 வயதுப் பெண் ஒருத்தி சிகிச்சைக்கு வேறு இடம் மாற்றுவதை மறுத்தபோது, சம்மதிக்கும் உரிமை வேறு, மறுக்கும் உரிமை வேறு, மறுப்பை நீதிமன்றம் மீறலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிள்ளை ஆம் என்றால் கேட்போம், இல்லை என்றால் கேட்கமாட்டோம் என்று அதைப் படிக்கத் தோன்றும். முழுக்க அப்படி இல்லை. மருத்துவரே பரிந்துரைக்கும் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் பிள்ளைக்குப் பின்னால் ஒரு மருத்துவ அறிவு துணை நிற்கிறது. உயிர்காக்கும் சிகிச்சையை மறுக்கும் பிள்ளை தனியாக நிற்கிறது. தவறினால் திருத்த முடியாது. இரண்டுக்கும் ஒரே தராசை வைக்க எனக்கும் கை வராது. முதலாவதற்குப் பிள்ளையின் கையெழுத்தே போதும் என்று சட்டம் செய்யவேண்டும். இரண்டாவதற்கு, பிள்ளை ஏன் மறுக்கிறது என்பதை உட்கார்ந்து கேட்காமல் யாரும் உத்தரவு போடக்கூடாது.

மனுப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை அவளைப் பார்த்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் படித்துக்கொண்டிருந்தாள். "சாகணும்னு சொல்லலை சார். ரெண்டு வருசமா ஆஸ்பத்திரிக்குன்னே இருந்துட்டேன், இந்த ஒரு பரீட்சை என்னுது. முடிஞ்ச அன்னைக்கே வந்துர்றேன்" என்றாள். மறுக்கிறாள் என்று நாங்கள் எல்லோரும் சொன்னதற்கு உண்மையான பெயர் தள்ளிப்போடுகிறாள் என்பது. மருத்துவமனையில் யாரும் அவளிடம் தேதியைப் பற்றிப் பேசியிருக்கவில்லை. அப்பாவிடம்தான் பேசியிருக்கிறார்கள்.

அவளையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்த மருத்துவரிடம் போனேன். எட்டு வாரம் தள்ளினால் வித்தியாசமே இருக்காது என்று என்னால் சொல்ல முடியாது என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். அரை மணி நேரம் பேசினார்கள். நான்கு வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுப்பது, முடிச்சு பெரிதாகியிருந்தால் தேர்வை விட்டுவிட்டு வருவது, இல்லையென்றால் தேர்வு முடிந்து வருவது என்று அவர்கள் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மனு எதுவும் போடவில்லை. ஸ்கேனில் பெரிய மாற்றமில்லை. தேர்வு எழுதினாள். ஏப்ரலில் 18 வயது முடிந்த அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை. அந்தப் படிவத்தில் கையெழுத்து அவளுடையது.

2014 நவம்பரில் இறந்துவிட்டாள். அந்த எட்டு வாரம் அவளைக் கொன்றதா என்ற கேள்வியோடு நான் இருக்கிறேன். அது கொன்றிருந்தாலும், அன்று திண்ணையில் அவள் சொன்னதைக் கேட்டதற்காக என்னால் வருத்தப்பட முடியவில்லை. காரியத்துக்குப் போயிருந்தபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரீட்சை எழுதினால்ல ஐயா" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி தடுப்புச் சட்டம், அந்த நோயால் பெற்றோர் முடங்கிய குடும்பத்தைக் கவனித்துக்கொள்ளும், போதிய பக்குவமுள்ள 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, தன் தம்பி தங்கைகளுக்குக் காப்பாளராக இருந்து அவர்கள் சிகிச்சைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முடிவெடுக்கலாம் என்று 32-ஆம் பிரிவில் சொல்கிறது. நம் நாடாளுமன்றம் 12 வயதுப் பக்குவத்தைச் சட்டத்தில் எழுதிய இடம் அது. ஆனால் அந்தப் பிரிவு தம்பி தங்கையைப் பற்றித்தான் பேசுகிறது, அந்தப் பிள்ளையின் சொந்த உடம்பைப் பற்றி அல்ல. போக்சோ சட்டத்தின்படி காவல்துறைக்குத் தகவல் போகும் என்று அஞ்சி, 16, 17 வயதுப் பெண்கள் கருக்கலைப்புக்காக மருத்துவமனைக்கே வராமல் ஒளிவதைக் கண்ட உச்ச நீதிமன்றம், பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் தகவல் தரும்போது அடையாளத்தைச் சொல்லவேண்டாம் என்று 2022-ல் சொன்னது. 2024 ஏப்ரலில், 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் கர்ப்பம் பற்றிய வழக்கில், காப்பாளரின் கருத்தும் பிள்ளையின் கருத்தும் வேறுபட்டால் பிள்ளையின் கருத்தை முக்கியமான ஒன்றாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை வாசித்த அன்று பழைய கேஸ் கட்டை எடுத்துப் பார்த்தேன். கடிதம் அடியில் இருந்தது. மடித்த இடத்தில் மை கொஞ்சம் வெளுத்திருந்தது.

சென்ற ஆண்டு ஒரு தாத்தா வந்தார். பேரனுக்கு 17 வயது, சிறுநீரகக் கோளாறு, தாய் இல்லை, வெளிநாட்டில் இருக்கும் தகப்பன் போனை எடுப்பதில்லை, மருத்துவமனை கையெழுத்துக் கேட்கிறது. தாத்தாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு முதலில் பையனிடம் பேசினேன். அவனுக்கு என்ன தெரியும், என்ன வேண்டும் என்பதை அவன் கையாலேயே எழுதித் தரச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதினான். மனுவோடு அதை முதல் ஆவணமாக வைத்தேன். இது யார் எழுதியது என்று பதிவகத்தில் கேட்டார்கள். பிள்ளை எழுதியது என்றேன். சீல் வைத்து எண் கொடுத்தார்கள்.